ஒன்பதாவது அணி எந்த ஊருக்கு

மார்ச் 3, செவ்வாய்

இந்த டைரியில் இதுவரை முகூர்த்த நாட்களும் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகளும் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. இன்று முதல் எழுத வேண்டியிருக்கிறது. தென்னவர் கபடி லீக்கில் எட்டு அணிகள் போதவில்லையாம், ஒன்பதாவதாக ஒன்று சேர்க்கப் போகிறார்கள். பெரிய நகரங்களில் கூட்டம் சேரவில்லை என்பதால், கபடி என்றால் சோற்றை மறக்கிற சின்ன ஊர் ஒன்றைத் தேடுகிறார்கள். பதினேழு ஊர்கள் விண்ணப்பம் போட்டன. வடிகட்டியதில் இரண்டு மிஞ்சின. ஒன்று எங்கள் செங்கால்குறிச்சி. இன்னொன்றை எழுதப் பேனா மறுக்கிறது. பூவன்பேரி. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆறு கிலோமீட்டர்.

எங்கள் ஊர்க் குழுவுக்கு அரிசி ஆலை ஞானதிரவியம் தலைவர். கல்யாண மண்டபமும் அவருடையதுதான். செயலாளர் ஆவுடையப்பன், அதாவது நான். பதவியை நான் கேட்கவில்லை. மற்றவர்கள் கையெழுத்து கோழி கிண்டியது போல இருப்பதால் என்னிடம் வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். எதையும் எழுதி வைத்தால்தான் அது நடந்ததாக என் மனம் ஒப்புக்கொள்ளும்.

சாயங்காலமானால் எனக்கு மைக். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் கபடி நடந்தாலும் வர்ணனை நான்தான். லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் உள்ளூர் வர்ணனையாளர் ஒருவர் உண்டு, அவர் குரல் டிவியிலும் வரும் என்று சொல்கிறார்கள். இதை ஒரு தகவலாக மட்டுமே இங்கே குறிக்கிறேன்.

ஒரே சிக்கல், என் மனைவி முப்புடாதி பிறந்த ஊர் பூவன்பேரி. அந்த ஊர்க் குழுவின் செயலாளர் அவள் தம்பி கொம்பையா. அவன் மீசை மழையில் நனைந்த கோழி இறகு மாதிரி இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குழு விஷயம் எதையும் முப்புடாதியிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவளும் கேட்கவில்லை. கேட்காதது கொஞ்சம் வருத்தம்தான்.

டைரி பீரோவில் அவளுடைய பட்டுச் சேலைகளுக்கு அடியில் இருக்கும். அங்கே வேறு யாரும் கைவைக்க மாட்டார்கள்.

மார்ச் 5, வியாழன்

முகூர்த்த நாள். பதினொரு பத்திரம். கை வீங்கிவிட்டது.

லீக் அனுப்பிய படிவத்தை நிரப்பினேன். நாற்காலி 3,000. விளையாட்டு வீரர்கள் தங்க லாட்ஜ் அறை 24. கழிப்பறை 30. வரவேற்பில் ஜெர்சி போட்ட பெண்கள் 40. ரயில் நிலையம் எத்தனை தூரம் என்று ஒரு கேள்வி. பதினான்கு கிலோமீட்டரை "அருகில்" என்று எழுதினேன். கடைசியில் "மக்கள் ஆர்வம்" என்று ஒரு கட்டம். அதில் "மட்டற்றது" என்று போட்டேன். பதினான்காம் தேதி எங்கள் ஊரைப் பார்க்க ஆள் வருகிறது. அடுத்த வாரம் அவர்கள் ஊரை.

மார்ச் 7, சனி

பூவன்பேரிக்காரர்கள் சுவரொட்டி அடித்திருக்கிறார்கள். நாற்காலி 3,001. அறை 25. கழிப்பறை 31. வரவேற்புப் பெண்கள் 41. தற்செயல்.

மார்ச் 8, ஞாயிறு

தற்செயல் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

குழுவில் ஒற்றன் இருக்கிறான். ஏழு பேரில் யார் என்று தெரியவில்லை. எனக்கு முதல் சந்தேகம் தலைவரின் கார் டிரைவர் மீது. அவன் குழுவில் இல்லை, ஆனாலும் சந்தேகம். தலைவருக்குச் சந்தேகம் என் மீது. நான் பூவன்பேரி மாப்பிள்ளை என்பதை அவர் கூட்டத்தில் மூன்று தடவை ஞாபகப்படுத்தினார். நானே முன்வந்து சத்தியம் செய்யச் சொன்னேன். ஆறு பேர் சுடலைமாடன் முன் சூடம் அணைத்தோம். தலைவர் வீட்டிலிருந்து பைபிள் எடுத்து வந்து அதில் கைவைத்தார். டிரைவருக்கும் சூடம் கொடுத்தோம். அவன் எதற்கு என்று கேட்டான். எதற்கும் இருக்கட்டும் என்றேன்.

இனி முக்கியத் திட்டங்களை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டைரியில் மட்டும்தான்.

முதல் ரகசியத் திட்டம்: வருகிற அதிகாரிக்கு மதியம் பிரியாணி கிடையாது. சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் மூன்றும் தனித்தனியாகப் பிழிந்து, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவலோடு. சென்னையில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது. முதல் வாயிலேயே ஊர் பிடித்துப்போகும்.

மார்ச் 11, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் காயில் போய்விட்டது.

சாப்பிடும்போது முப்புடாதி, சொதியில் உறைப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், சென்னை ஆட்களுக்குத் தாங்காது என்றாள். அவளிடம் சொதியைப் பற்றிப் பேசியதாக ஞாபகம் இல்லை. பேசியிருப்பேன்.

மார்ச் 14, சனி

எழுதவே மனமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

லீக்கிலிருந்து வந்தவர் வைதேகி என்ற பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். ஓடுகிற ஷூ போட்டுக்கொண்டு, பேசுவதை விட அதிகம் எண்ணுகிறவர். கழிப்பறைக் கதவுகளைத் திறந்து திறந்து எண்ணினார். இருபத்தேழுதான் இருந்தது. மூன்று பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னேன்.

மதியம் இலை போட்டு, பெருமையாகச் சொதியை ஊற்றினோம். அந்த அம்மாள் இலையைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் சொதியா?" என்றார். நேற்று ரயிலை விட்டு இறங்கியதும் கொம்பையா அடுக்குச் சட்டியோடு நின்றிருக்கிறான். உறைப்பு குறைவாக, நன்றாக இருந்ததாம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சாயங்காலம் மைதானத்தில் மூவாயிரம் நாற்காலி போட்டு, தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல அணியை வரவழைத்து எங்கள் பையன்களோடு மோதவிட்டோம். பூவன்பேரி அணியைக் கூப்பிட்டால் அவர்களுக்கும் விளம்பரம் ஆகிவிடும் என்று கூப்பிடவில்லை. யோசனை என்னுடையது. வந்தவர்கள் நானூறு பேர். இடைவேளையில் டீ குடிக்கப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. என் வாழ்நாளில் இத்தனை காலி நாற்காலிகளைப் பார்த்து வர்ணனை சொன்னதில்லை.

வைதேகி வெளியே வந்து ஒரு ஆட்டோக்காரரிடம் நீங்கள் ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டார். அவர் சொன்னதை அந்த அம்மாள் குறித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். "பூவன்பேரிக்காரன் வரலியேம்மா. யாரப் பாத்து ஏச?"

மார்ச் 15, ஞாயிறு

நாள் முழுக்கப் படுத்திருந்தேன். முப்புடாதி ஒன்றும் கேட்காமல் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

பூவன்பேரிக்காரர்கள் கில்லாடிகள். இருபத்திரண்டாம் தேதி தங்கள் ஊர் ஆய்வுக்கு எதிரணியாக எங்களையே கூப்பிட்டிருக்கிறார்கள். போகாவிட்டால் பயந்துவிட்டோம் என்பார்கள். போனால் அவர்களுக்குக் கூட்டம் சேரும்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அணி போகும், ஊர் போகாது. பாதி மைதானம் காலியாகக் கிடந்தால் அந்த அம்மாள் அதையும் எண்ணிக்கொள்ளட்டும். உடனே இருபது ரூபாய்ப் பத்திரத்தாளில் உறுதிமொழி எழுதினேன். "செங்கால்குறிச்சிப் பொதுமக்களாகிய நாங்கள், மேற்படி ஆட்டத்தன்று எக்காரணம் கொண்டும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதில்லை என்று மனப்பூர்வமாகவும் பிறர் தூண்டுதலின்றியும் சம்மதித்து" என்று தொடங்கி, பாலத்துக்கு நான்கு எல்லையும் குறிப்பிட்டிருக்கிறேன். இரண்டு நாளில் அறுநூறு கையெழுத்தாவது சேர்த்துவிடலாம். முதல் கையெழுத்து என்னுடையது.

மார்ச் 19, வியாழன்

612 கையெழுத்து சேர்ந்தது. முப்புடாதி தாளை வாங்கிக் கடைசிவரை படித்தாள். நீங்களும் போகமாட்டீர்களா என்று கேட்டாள். சட்டப்படி போக முடியாது என்றேன். அவள் சிரித்த மாதிரி இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

செயலாளர் என்ற முறையில் உறுதிமொழியை மீறி யாராவது போகிறார்களா என்று கண்காணிப்பது என் கடமை. ஆகவே நாலு மணிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாக, வாய்க்கால் பாலத்தைத் தாண்டினேன். கண்காணிப்புக்காகத் தாண்டுவது தாண்டுவதில் சேராது.

பாலத்தின் அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் நாற்பது பேர். என்ன இங்கே என்று ஒருவரைக் கேட்டேன். யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க வந்தேன் என்றார். பக்கத்தில் இருந்தவரும் அதற்குத்தான் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர், முன்னால் இருந்த இருவரையும் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர். எல்லாப் பெயரையும் எழுதிக்கொண்டேன். மைதான வாசல் போய்ச் சேர்வதற்குள் இருநூற்றுப் பதினேழு பெயர் ஆகி, பென்சில் முனை தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம் எழுதுவதை விட, வராதவர்கள் யார் என்று பார்ப்பது சுலபமாக இருந்தது.

உள்ளே வாழைப்பழ வண்டிக்குப் பின்னால், பங்குனி வெயிலில் குரங்குத் தொப்பி போட்டு ஒருவர் நின்றிருந்தார். தொப்பியின் ஓட்டை வழியாகத் தெரிந்த மூக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த மூக்கு. தலைவர் என்னைப் பார்த்ததும், "ஒம்மத் தேடித்தான் வே வந்தேன்" என்றார். நானும் அவரைத் தேடித்தான் வந்ததாகச் சொன்னேன். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பழம் சாப்பிட்டோம்.

மைதானத்தில் ஒரு நாற்காலி காலி இல்லை. மரத்தின் மேலே, வைக்கோல் லாரியின் மேலே, தண்ணீர்த் தொட்டியின் மேலே எல்லாம் ஆட்கள். ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் நாங்கள். வைதேகி எண்ணுவதை விட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஊர் வர்ணனைக்கு ஒரு கல்லூரி வாத்தியாரைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகும் வரவேற்புரை படித்துக்கொண்டிருந்தார். எங்கள் சுயம்பு ரெய்டு போய், ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான். வாத்தியார் தாளைப் பார்த்து அவனுடைய உயரத்தையும் எடையையும் வாசிக்கிறார். எடையும் தப்பு. அந்த நேரம் பார்த்துக் கொம்பையா பக்கத்தில் வந்தான். "அத்தான், ஒரு நிமிசம் மைக்கப் பிடிங்க. வயர்ல ஏதோ கோளாறு, பாத்துட்டு வாரேன்."

ஒரு நிமிடம் பிடித்திருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

தொண்டை கட்டியிருக்கிறது. பூவன்பேரியில் தூசி அதிகம். முப்புடாதி கேட்காமலே மிளகுப் பால் போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

பத்திரத்தில் தவறு இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும் என்பது விதி. அதன்படி, நாளது மாதம் இருபத்திரண்டாம் தேதிக் குறிப்பின் கடைசிப் பத்தியில் "ஒரு நிமிடம்" என்பதை "நாற்பது நிமிடம்" என்று திருத்தி வாசிக்கவும்.

இதற்கும் நான் காரணம் இல்லை. கொம்பையா திரும்பி வரவில்லை. மைக் கையில் இருக்கும்போது பேசாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சுயம்பு நாலாவது ஆளைத் தொட்டான், நான் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆட்டம் முடிகிற விசில் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது.

இடையில் நான் பேசியதாக ஊரில் சொல்கிறவற்றில் பெரும்பாலும் உண்மைதான் போலிருக்கிறது. உறுதிமொழியில் கையெழுத்துப் போட்ட 612 பேரும் எழுந்து நின்று கைதட்டவும் என்று கேட்டுக்கொண்டேனாம். எல்லோரும் எழுந்து நின்றார்களாம். பூவன்பேரிக்காரர்கள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தார்களாம். அவர்களையும் விடவில்லை நான். 3,001 நாற்காலியில் அந்த ஒரு நாற்காலி எது, அதில் உட்கார்ந்திருக்கும் புண்ணியவான் கையைத் தூக்கவும் என்றேனாம். கடைசியில், குரங்குத் தொப்பியில் வந்து சிறப்பித்திருக்கும் எங்கள் குழுத் தலைவர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம் என்று மூன்று முறை அறிவித்தேனாம். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆட்டத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம். முப்பத்தொன்றுக்கு முப்பது. இதை யாரும் பேசவே இல்லை.

மார்ச் 27, வெள்ளி

ஒன்பதாவது அணி பூவன்பேரிக்கு.

தலைவர் வீட்டில் கூட்டம். வைதேகியின் அறிக்கையில் முக்கியமான இடத்தை மட்டும் வாசித்தார்கள். நாலாயிரத்து எண்ணூறு பேர், அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட வெளியூர், சொந்த ஊர் தோற்ற பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை, இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சிரிக்கவைத்த வர்ணனையாளர் ஒருவர் உண்டு, இப்படி ஒரு கூட்டம் லீக்கில் வேறெங்கும் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலே ஆறு பேரும் என்னைத் திட்டினார்கள். செயலாளர் பதவி போயிற்று. அது போகட்டும். ஆனால் தலைவர் கோபத்தில் ஒன்று சொல்லிவிட்டார். "எம் மருமகன் ரேடியோ வேலைய விட்டுட்டு மைக் பிடிக்க வாரேன்னு சொல்லியிருந்தாருவே. இப்ப அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாம் தேதி ஒரு தகவலாக மட்டும் குறித்த விஷயத்தை இப்போது வேறு மாதிரி எழுத வேண்டும். எனக்கு அந்த மைக் வேண்டும். ஆரம்பத்திலிருந்தே அதற்காகத்தான். ஊர், பெருமை எல்லாம் அப்புறம். இருபத்திரண்டு வருடமாக ஊரார் வீட்டையும் வயலையும் எழுதிக் கொடுத்து, அடியில் "எழுதியவர்" என்று பொடி எழுத்தில் என் பெயரைப் போட்டு வந்திருக்கிறேன். மைக்கைப் பிடிக்கும்போது மட்டும்தான் நான் ஒரு ஆள். ஊருக்கு அணி வந்திருந்தாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது. அவர்களுக்கு இது முதலிலேயே தெரியும். அழுகை வந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 29, ஞாயிறு

கொம்பையா வீட்டுக்கு வந்தான். கையில் லீக் கடிதம். பூவன்பேரி அணியின் வர்ணனையாளராக என்னை நியமிக்க விரும்புகிறார்கள், சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். ஜூன் மாதம் ஆறாம் தேதி முதல் ஆட்டம்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வைத்துவிட்டு, ஊர்க்காரன் முகத்தில் எப்படி விழிப்பேன், முடியாது என்றேன். கொம்பையா எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கடைசியில் அவனுக்கும் கோபம் வந்து, மீசையைத் தடவிக்கொண்டே, "எல்லாம் சரி அத்தான், அதுக்காக என் மீசைய நனஞ்ச கோழி எறகுன்னா எழுதுவீங்க?" என்றான்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த டைரி, அவளுடைய பட்டுச் சேலைகளுக்கு அடியில் இருந்த டைரி. டிரைவருக்குச் சூடம் கொடுத்திருக்கிறேன் நான்.

மார்ச் 30, திங்கள்

நேற்று கொம்பையா போன பிறகு நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது. அவள் படிப்பாள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நான் சத்தம் போட்டேன். பிறந்த ஊருக்காகக் கட்டியவனையே காட்டிக்கொடுத்தவள் என்று சொன்னேன். ஒற்றன் வேலை பார்த்தவள் என்றேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எல்லாம் முடியட்டும் என்று நின்றாள். முடிந்ததும் பேசினாள்.

ஜனவரியிலேயே கல்யாண மண்டபச் சமையல்கட்டில் தலைவரின் மனைவி, மைக் எங்கள் மருமகனுக்கு என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அன்று முதல் முப்புடாதிக்கு ஒரே யோசனை. என்னிடம் சொன்னால் நான் நம்பமாட்டேன், அல்லது நம்பி உடைந்துபோவேன். நேரே தம்பியிடம் போய், உங்கள் ஊருக்கு அணி வர நான் வழி செய்கிறேன், வந்தால் மைக் எங்கள் வீட்டுக்காரருக்கு என்று பேசி முடித்திருக்கிறாள். கல்லூரி வாத்தியாரைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். இந்த ஜில்லாவிலேயே மோசமாகப் பேசுகிறவர் யார் என்று விசாரித்துப் பிடித்தாளாம்.

எல்லாம் சரி, ஊருக்குத் துரோகம் இல்லையா என்று கேட்டேன். அப்போதுதான் அவள் குரல் மாறியது.

"எந்த ஊருக்கு? அங்க போனா செங்கால்குறிச்சிக்காரி வந்துட்டாங்காவ. இங்க இருந்தா பூவன்பேரிக்காரிங்காவ. கல்யாணமான மொத வருசம், ரெண்டு ஊருக்கும் மேட்ச். புதுச் சேல கட்டிக் கெளம்பி நின்னேன். நீ வந்தா நான் ஒம் பக்கம் பேசுதேன்னு சொல்லுவாங்க, வீட்ல இருன்னு சொன்னீங்க. இருந்தேன். பத்தொம்பது வருசமா இருக்கேன். மேட்ச் அன்னிக்கு மொட்ட மாடிக்குப் போயி, காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாத்து நின்னுதான் ஒங்க குரலக் கேட்டிருக்கேன்."

எனக்கு அந்த முதல் வருடம் ஞாபகமே இல்லை. அவளிடம் அப்படிச் சொன்னது ஞாபகமே இல்லை. எழுதி வைக்கவில்லை.

டைரியை இனி எழுதப்போவதில்லை.

ஜூன் 5, வெள்ளி

இரண்டு மாதம் எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. ஊரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பத்திரம் எழுத மட்டும் வருகிறார்கள், பேசாமல் விவரத்தைத் துண்டுத்தாளில் எழுதி நீட்டுகிறார்கள். தலைவர் தன் ஆலைக்குப் பின்புறம் இருக்கும் காலி மனைக்குப் பத்திரம் எழுத வந்தார். நாலு எல்லையும் சொல்லிவிட்டு, நாளை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். ஆறு மணி என்று நானும் சுவரிடம் சொன்னேன். டீக்கடையில் விசாரித்ததில், எங்கள் ஊரிலிருந்து நாளைக்கு ஒன்பது வேன் ஏற்பாடாகியிருக்கிறது. பூவன்பேரி தோற்பதைப் பார்க்கப் போகிறார்களாம்.

அரங்கம் தயார். மேட் விரித்தாயிற்று. டிவி வண்டி வந்து நிற்கிறது. இன்று காலை ஒத்திகை பார்த்தோம். வீரர்கள் பெயர் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன். அணி உள்ளே வரும்போது, "இதோ வருகிறது நம்ம பூவன்பேரி" என்று சொல்ல வேண்டும். அந்த "நம்ம" வாயில் வரவே மாட்டேன் என்கிறது. பத்துத் தடவை முயன்றேன். குளியலறையில் முயன்றேன், வாய்க்கால் பாலத்தில் நின்று முயன்றேன். நாற்பத்தாறு வருடமாக அந்த ஊரை ஏசியே வளர்ந்த வாய். ஒத்திகையில் "நம்ம" வராமல் இருமிவிட்டேன். கொம்பையா முகம் சுண்டிப்போயிற்று. நாளைக்கும் இருமினால் அந்த மைக் எனக்கு இல்லை, அது எனக்குத் தெரியும்.

முப்புடாதி, இனிமேல் இது உனக்கு.

நீ இதை எப்படியும் படிப்பாய். டைரி வைத்த இடத்தை நான் மாற்றவில்லை. பூட்டும் வாங்கவில்லை. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன், நான் பத்திரம் எழுதுகிறவன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் உன்னை வீட்டில் இருக்கச் சொன்னது தப்பு. யாரும் என்னைப் பூவன்பேரி மாப்பிள்ளை என்று கேலி செய்யக்கூடாது என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தை உன் தலையில் கட்டிவிட்டு நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊரையெல்லாம் சிரிக்கவைத்தேன். நீ மொட்டை மாடியில் நின்றாய் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

நாளைக்கு நீ வர வேண்டும். எந்தப் பக்கம் உட்காருவது என்று நீ யோசிக்க வேண்டாம். மைக் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு அடுத்ததாக ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

இப்படிக்கு, மனப்பூர்வமாகவும் பிறர் தூண்டுதலின்றியும் எழுதியது,
ஆவுடையப்பன்.

படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். மன்னிப்பு கேட்ட எடத்துல பேனா மை பரவியிருக்கு, என்னன்னு கேக்க மாட்டேன். நீலச் சட்டையத் தேச்சு வச்சிருக்கேன். நாளைக்கு வாரேன். ஆனா மேசைப் பக்கம் நாற்காலி வேண்டாம், ஸ்பீக்கர் சத்தத்துல ஒங்க குரல் ஒழுங்காக் கேக்காது. ஒங்களுக்கு நேர் எதுத்தாப்புல, மொத வரிசையில உக்காருதேன். "நம்ம"ன்னு சொல்லும்போது களத்தப் பாக்காண்டாம், கூட்டத்தப் பாக்காண்டாம். என்னப் பாத்துச் சொல்லுங்க.